விலைக்கு வந்தவரும் தாமே வந்தவரும்

கடைக்கு நாளொன்றுக்கு நூறு பேர் வருகின்றனர் எனக் கொள்வோம். அவருள் விளம்பரங் கண்டு வந்தவர் எத்துணையர், தாமே நாடி வந்தவர் எத்துணையர் என்று அறியாத வணிகர், விளம்பரத்துக்கு மேலும் பணம் இறைப்பதா நிறுத்துவதா எனத் துணிதல் அரிது. இணையத்தளம் நடத்துவோர்க்கும் இவ்விடர் உண்டு.

கூகிள் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தன் விளம்பர விற்பனையைத் தொடங்கியது. நாம் ஒரு சொல்லைத் தேடும்போது வரும் விடைகளுட் சில பணம் பெற்று வைக்கப்பட்டவை. ஏனையவை தேடுபொறி தானே தெரிந்தெடுத்தவை. இவ்விரண்டில் எதனைச் சொடுக்கினும், வருகைக் கணக்கெழுதும் கருவிக்கு ‘கூகிளிலிருந்து ஒருவர் வந்தார்’ என்பதே தெரியும். எனவே வேறுபாட்டைக் காட்ட ஓர் உருபு வேண்டும்.

அவ்வுருபு தளமுகவரியின் இறுதியில், வினாக்குறிக்குப் பின் ஒட்டி வருவது. கூகிள் விளம்பரம் ‘ஜீ.சி.எல்.ஐ.டி.’ என்னும் குறியைத் தானாகவே சேர்க்க வல்லது. கையால் எழுதிச் சேர்ப்பன ‘யூ.ரி.எம்.’ குறிகள், கூகிள் 2005இல் வாங்கிய ஏர்ச்சின் என்னும் நிறுவனத்தின் பெயர் இவற்றுள் இன்றும் ஒளிந்திருக்கிறது. அடோபி அனலிற்றிக்சில் நாமே விதி வகுத்தல் வேண்டும்: இன்ன தேடுபொறியிலிருந்து வந்து, முகவரி இறுதியில் இன்ன எழுத்துக்கள் இருப்பின் அது விலைத்தேடல். விதியே வகுக்காவிடின் எல்லாத் தேடலும் இயல்பாக வந்தனவாகவே எண்ணப்படும்.

விதி அளவுக்கு மிஞ்சி அகலின் அதுவும் பிழையாம். ‘சீ.பீ.’ என்னும் ஈரெழுத்து இருந்தாற் போதும் என வகுத்தால், கணினி விற்பவர் தளத்தில் ‘சீ.பீ.யூ.’ என்னும் பொருட்பெயரை இறுதியிற் கொண்ட பக்கத்துக்கு இயல்பாக வந்தவரும் விலைக்கு வந்தவராகிவிடுவர். இலக்கணத்தில் அதிவியாப்தி என மாணவர்க்கு யாம் கற்பிக்கும் குற்றம் இதுவே.

எம் பழைய மாணவர் ஒருவர் இணையவழிப் புத்தகக்கடை நடத்துகிறார். விளம்பரத்தால் ஒருவரும் வரவில்லை எனக் கணக்குக் காட்டவே, அவர் அதனை நிறுத்தினார். இரு வாரத்தில் விற்பனை பாதியாயிற்று. ஆராய்ந்தபோது, பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு வாசகரை மாற்றி அனுப்பும் ஏற்பாடு, வழியிலேயே குறியை உதிர்த்துவிட்டமை தெரிந்தது. விதி சரியே, அது தேடிய உருபு வந்து சேரவில்லை. வேற்றுமைத்தொகையில் உருபு தொக்கு நிற்பினும் படிப்போன் பொருளுணர்ந்து விரித்துக்கொள்வான். கருவிக்கு அவ்வறிவு இல்லை.

இதனைச் சோதிக்கச் சொந்த விளம்பரத்தைச் சொடுக்குதல் வீண்செலவு. விளம்பரத்திற் கொடுத்த முகவரியைக் கையால் எழுதி, இறுதியில் அக்குறியையும் ஒரு பொய்ப்பெறுமானத்தையும் சேர்த்துத் திறந்து பார்க்க. பக்கம் முழுதும் வந்தபின் குறி முகவரியில் எஞ்சியிருந்தால் வழி செம்மையானது. எஞ்சாவிடின், முதலில் திருத்தவேண்டியது வழியையே; விதியைத் தொடவேண்டாம்.

அடோபியில் இன்று வகுக்கும் விதி நேற்றைய கணக்கைத் திருத்தாது. ஆகவே விதியை மாற்றிய நாளைக் குறித்துவைத்து, அந்நாளுக்கு முன்னுள்ள தொகையைப் பின்னுள்ளதோடு ஒப்பிடாதிருக்க. அம்மாணவர் அந்நாளை இப்போது கடைப்பேரேட்டின் முதற்பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்.