படத்தோட முதுகைக் கொஞ்சம் பாருடி

தாத்தாவை வரைஞ்ச எண்ணெய் வண்ண ஓவியம் வீட்டுல தொங்குதுன்னா, முன்பக்கத்தைத் துடைச்சது போதும், ஒருதரம் பின்பக்கத்தைப் பாருடி. ஒட்டடை, பல்லி முட்டை, கீழ்ச்சட்டத்துல குவிஞ்ச சுண்ணாம்புத் தூள் எல்லாம் இருக்கும். முன்பக்கத்துக்காவது வார்னிஷ் உண்டு. பின்பக்கம் வெறும் துணி.

அந்தத் துணியில வர்ணம் ஏத்தறதுக்கு முன்னாடி, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையைத் தடவறது பழைய வழக்கம். பசை ஈரத்தை உறிஞ்சினா தளரும், காய்ஞ்சா சுருங்கி இழுக்கும். சென்னையில ஐப்பசி, கார்த்திகையில ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சாதாரணமா தாண்டுது. அதே அறையில ராத்திரி ஏ.சி. போட்டா சடசடன்னு இறங்குது. மிருதங்கத் தோல் மாதிரி துணி தளர்றதும் விறைக்கிறதுமா இருக்கு. வயசான எண்ணெய் வர்ணத்துக்கு அந்த நெகிழ்வு கிடையாது, வெடிச்சுடும்.

இதுக்குச் சாட்சி பல பழைய படங்கள்லயே இருக்கு. துணியை இழுத்து அறைஞ்ச கட்டை எந்த இடத்துக்குப் பின்னாடி ஓடுதோ, முன்பக்கம் அந்தப் பட்டையில மட்டும் விரிசல் குறைவா இருக்கும். மரம் மறைச்ச இடம் தப்பிச்சிருக்கு. அப்ப மொத்த முதுகையும் மறைச்சுட்டா? பின்பலகை போடறது அதுக்குத்தான்.

ஃபிரேம் கடையில ஒட்டித் தர்ற பிரவுன் பேப்பர் தூசியைத் தடுக்கும், ஆனா விரல் பட்டாலே கிழியும். ஹார்ட்போர்டு அமிலம் விடும், வேண்டாம். சன்போர்டு பி.வி.சி., அதுவும் வேண்டாம். போர்டு பிரிண்ட் பண்ற கடையில சன்பேக் ஷீட்னு கேளு. பாலிப்ரொப்பிலீன், உள்ளே குழல் குழலா இருக்கும், லேசு, ஈரம் ஏறாது. அச்சடிக்காத வெள்ளை ஷீட்டா வாங்கு.

வேலையில இறங்கறதுக்கு முன்னாடி வர்ணத்தை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாரு. எங்கேயாவது செதில் தூக்கியிருந்தா படத்தைக் கவிழ்க்கவே கவிழ்க்காதே. ஓவியம் பழுது பார்க்கத் தெரிஞ்சவங்ககிட்ட போ. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல வேதிப் பாதுகாப்புப் பிரிவு இருக்கு, அங்க யோசனை கேக்கலாம்.

வர்ணம் உறுதியா இருந்தா, மேஜையில மெத்துன்னு துணி விரிச்சுக் கவிழ்த்து, மென்மையான பிரஷ்ஷால தூசியைத் தட்டு. மூலையில இருக்கிற சின்ன மர ஆப்பு கழண்டு, துணிக்கும் கட்டைக்கும் நடுவுல விழுந்திருக்கலாம். அதுதான் முன்னாடி புடைப்பாத் தெரியும். மெதுவா எடுத்துடு. துணியை விரலால அழுத்தாதே. இன்னிக்கு ஒண்ணும் தெரியாது, பின்னாடி வட்ட வட்டமா விரிசல் விடும். துணிக்கு நல்லதுன்னு ஆளிவிதை எண்ணெய் தடவச் சொல்றவங்க பேச்சைக் கேக்காதே. எண்ணெய் துணியைக் கருக்கி நொறுங்க வச்சிடும்.

பின்பக்கம் ஓவியர் பேரோ தேதியோ கடைச் சீட்டோ இருந்தா ஃபோட்டோ எடுத்துக்கோ. சீட்டைப் பிய்க்காதே. அந்த ஃபோட்டோவைப் பிரிண்ட் போட்டுப் பலகையோட வெளிப்பக்கம் ஒட்டு.

ஷீட்டை ஃபிரேமோட வெளி விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளடங்கி வெட்டி, வெட்டின குழல் வாய்களை டேப்பால மூடு, பூச்சி குடியேறாது. ஆணி அடிக்காதே, ஒவ்வொரு அடியும் வர்ணத்தை உலுக்கும். வாஷர் வச்சுத் திருகு போடு. திருகு மரத்தோட தடிமனைவிடக் குட்டையா இருக்கணும். காத்துக்குன்னு நடுவுல ஓட்டை போடச் சொல்வாங்க, போடாதே. ஓட்டைக்கு நேரா இருக்கிற துணி மட்டும் தனியா ஈரம் வாங்கும்.

காத்து வேண்டியது சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவுலதான். கீழ் மூலை ரெண்டுலயும் கார்க் துண்டு ஒட்டி இடைவெளி விடு. மழை அறையற வெளிச்சுவர்லயும் பாத்ரூம் ஒட்டின சுவர்லயும் மாட்டாதே. போகிக்கு வீடு ஒதுக்கறப்ப இறக்கி, கொக்கியும் திருகும் இறுக்கமா இருக்கான்னு பார்த்துட்டு மறுபடி மாட்டு.