தொலையுணர்வு: ஆசிய மாநாடும் அச்சுவேலித் தோட்டமும்



"தொலையுணர்வு என்றால் என்ன?" என்று வினா வந்தால், "செய்மதியிலிருந்து படம் எடுத்தல்" என ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகிறவர்கள் உங்களில் பலர். இது அரைகுறை விடை. ஒரு பொருளைத் தொடாமல், அதிலிருந்து தெறித்தோ வெளிப்பட்டோ வரும் மின்காந்த அலைகளைக் கருவியொன்றினால் பதிந்து, அப்பொருள் பற்றிய தகவலைப் பெறுவதே தொலையுணர்வு ஆகும். விமானத்திலிருந்து எடுத்தாலும் ட்ரோனிலிருந்து எடுத்தாலும் அது தொலையுணர்வுதான். "தொடாமல்", "தகவல்" என்ற இரு சொற்களும் விடையில் கட்டாயம் இருக்க வேண்டும். படம் வேறு, தகவல் வேறு.

படத்தைத் தகவலாக்குவது எப்படி என்பதைப் பேசுவதற்கே ஆசியத் தொலையுணர்வு மாநாடு கூடுகிறது. முதலாவது மாநாடு 1980 இல் பாங்கொக்கில் நடைபெற்றது. அடுத்த ஆண்டு ஆசியத் தொலையுணர்வுச் சங்கம் அமைக்கப்பட்டது. அன்றிலிருந்து மாநாடு நாடு மாறி நாடு கூடி வருகின்றது. கொழும்பில் 2008 இல் 29 ஆவது மாநாடும், 2016 இல் 37 ஆவதும், 2024 நவம்பரில் 45 ஆவதும் நடைபெற்றன. ஆண்டுகளை மனனம் செய்து களைக்க வேண்டாம். எதற்காக இத்தனை நாட்டவர் ஒன்றுகூட வேண்டும் என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். செய்மதிக்கு நாட்டெல்லை கிடையாது. 1972 இல் தொடங்கிய அமெரிக்காவின் லாண்ட்சாட் வரிசைச் செய்மதிகளின் படங்கள் 2008 முதல் எவருக்கும் இலவசம். ஐரோப்பாவின் சென்ரினல் படங்களும் அவ்வாறே. ஆனால் அயோவாவின் பெரிய சோளப் பண்ணைக்குப் பொருந்தும் முறை நம்முடைய சிறு தோட்டங்களுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். செய்மதிப் படம் பிக்சல் எனப்படும் சிறு சதுரங்களால் ஆனது. லாண்ட்சாட் படத்தில் ஒரு சதுரத்தின் பக்கம் 30 மீற்றர். எனவே பரப்பளவு 900 சதுர மீற்றர். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பதால், ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஆகவே ஒரு பிக்சலுக்குள் மூன்றரைப் பரப்பு அடங்கிவிடும்! அச்சுவேலிச் செம்மண்ணில் மூன்றரைப் பரப்புக்குள் வெங்காயம், பீற்றூட், ஓரத்தில் வாழை, நடுவே கிணறு எல்லாம் இருக்கலாம். செய்மதி அவை அனைத்தையும் கலந்து ஒரே பெறுமானமாகத் தரும். சென்ரினல் 2 இன் பிக்சல் 10 மீற்றர்; ஒரு பரப்புக்கு இரண்டரைப் பிக்சல் கிடைக்கும். இதையே இடஞ்சார் பிரிதிறன் என்கிறோம். வரைவிலக்கணத்தோடு இந்தக் கணக்கையும் எழுதினால் நீங்கள் விளங்கி எழுதியது திருத்துபவருக்குத் தெரியும்.

அடுத்தது நிறம். உயிர்ப்புள்ள பச்சை இலை, கண்ணுக்குத் தெரியாத அண்மைச் செந்நிறக்கீழ்க் கதிரை மிகுதியாகத் தெறிக்கச் செய்யும். அதற்குச் சிவப்பு நிறம் கொடுத்து ஆக்கும் படமே போலி நிறப் படம். அதில் பயிர் சிவப்பாகவும் தெளிந்த ஆழமான நீர் கருமையாகவும் தோன்றும். பயிர் செய்யும் தோட்டம் போகத்துக்குப் போகம் நிறம் மாறும். பற்றைக்காடு அப்படி மாறாது.

இங்கே நம் அயலை நினைத்துப் பாருங்கள். 1990 இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் தம் காணியில் கால்வைக்க முடியாதிருந்த காலத்திலும் லாண்ட்சாட் அதன் மேலாகச் சென்றுகொண்டே இருந்தது. பழைய படங்களையும் புதிய படங்களையும் ஒப்பிட்டால் எங்கே தோட்டம் பற்றையானது என்று கண்டுகொள்ளலாம். ஆயினும் வேலி எங்கே நின்றது, கிணற்றில் யார் யாருக்குப் பங்கு என்பதைப் படம் சொல்லாது. அண்மையிலுள்ள வளலாயில் 2015 இல் ஒரு தொகுதிக் காணி விடுவிக்கப்பட்டபோது, அதைச் சொல்லக்கூடியவர்கள் அங்கு வாழ்ந்த பெரியவர்களே. படத்தில் கண்டதை நிலத்தில் சென்று உறுதிப்படுத்துவதைக் களச் சரிபார்ப்பு என்பர். பலர் விடையில் இதை விட்டுவிடுகிறார்கள். அறையில் கணினிமுன் இருப்பவரைவிட இந்த வேலைக்கு நீங்களே பொருத்தமானவர்கள்.

முகிலும் ஒரு தடை. கொழும்பு மாநாடு நடந்த அதே 2008 நவம்பரின் கடைசி வாரத்தில் நிஷா புயல் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தியது. அவ்வேளையில் சூரிய ஒளியை நம்பும் செய்மதிக்கு முகிலின் மேற்பகுதி மட்டுமே தெரியும். தானே நுண்ணலையை அனுப்பித் திரும்பப் பெறும் ராடர் செய்மதி முகிலை ஊடுருவும், இரவிலும் இயங்கும். முன்னையது உயிர்ப்பற்ற முறை, பின்னையது உயிர்ப்பான முறை. இரண்டையும் மாறி எழுதிவிடாதீர்கள்.

பயிற்சி: உங்கள் வீட்டருகே 30 மீற்றர் பக்கமுள்ள சதுரமொன்றை நாடாவினால் அளந்து, அதனுள் உள்ள நிலப்பயன்பாட்டு வகைகளைப் பரும்படிப் படத்தில் குறிக்குக. லாண்ட்சாட் படத்தில் அச்சதுரம் எவ்வகையாகப் பதிவாகக்கூடும்? காரணம் தருக.