தலையைப் பார், பொருளைச் சொல்!



இங்கிலீஷ் பாடத்துல நீளமான வார்த்தை வந்தாலே நாம பாதிப் பேர் அதைத் தாண்டி ஓடிடுறோம். ஓட வேண்டாம். அந்த வார்த்தையோட தலையை மட்டும் தனியா வெட்டிப் பாருங்க. மிச்சம் இருக்கறது பல நேரம் நமக்கு ஏற்கனவே தெரிஞ்ச வார்த்தையா இருக்கும். உதாரணமா அன்ஹாப்பி. தலை அன், உடம்பு ஹாப்பி. ஹாப்பின்னா சந்தோஷம். அன் சேர்ந்ததும் சந்தோஷம் இல்லாத நிலை. ஒரு வார்த்தையைப் படிச்ச செலவுல ரெண்டு வார்த்தை கிடைச்சாச்சு!

நாம ஏன் தலையை கவனிக்கிறதில்ல?

தமிழ்ல மறுப்பு பெரும்பாலும் வால்ல வரும். தெரியும் – தெரியாது. படித்த – படிக்காத. பயன் – பயனற்ற. அதனால நம்ம காது கடைசி எழுத்து வரைக்கும் காத்திருக்கும். இங்கிலீஷ்ல மறுப்பு பெரும்பாலும் தலையிலேயே வந்து நிக்குது. நம்ம ஒன்பதாம் வகுப்புப் பாடத்துலயே பாருங்க.

இர்ரேஷனல் நம்பர் – விகிதமுறா எண்
இன்ஃபினிட் செட் – முடிவிலாக் கணம்
டிஸ்ஜாயின்ட் செட் – வெட்டாக் கணம்
இன்வெர்டிப்ரேட் – முதுகெலும்பற்ற உயிரி
நான்-மெட்டல் – அலோகம்

முதல் நாலுலயும் தமிழ் மறுப்பு வார்த்தையோட பின்பக்கம் இருக்கு: முறா, இலா, வெட்டா, அற்ற. ரேஷியோன்னா விகிதம். ரூட் 2, பை மாதிரி எண்களை ரெண்டு முழு எண்களோட விகிதமா எழுத முடியாது. அதான் இர்ரேஷனல். தலை புரிஞ்சா கணக்கும் புரியுது.

ஐந்தாவதுல மட்டும் உலோகம், அலோகம்னு மறுப்பு முன்னாடி வருதே? அது வடமொழி வழக்கம். நீதி – அநீதி, நியாயம் – அநியாயம், சுத்தம் – அசுத்தம், அவசியம் – அனாவசியம். இங்க ஒரு அதிசயம் இருக்கு. தமிழ்ப் பாடத்துல திராவிட மொழிக் குடும்பம் பற்றிப் படிக்கிறோம் இல்லையா? வடமொழியும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்துலேர்ந்து வந்திருக்கணும்னு வில்லியம் ஜோன்ஸ் 1786-ல் சொன்னார். இங்கிலீஷும் அந்தக் குடும்பம்தான். அதனால அநியாயத்துல இருக்கற அ-வும் அன்ஹாப்பியில இருக்கற அன்-னும் தூரத்துச் சொந்தம்! தமிழ் வேற குடும்பம்னு கால்டுவெல் 1856-ல் வந்த தன் ஒப்பிலக்கண நூல்ல விரிவா நிறுவினார்.

ஐந்து தலைகள்

1. அன்: இல்லை, அல்ல. அன்லக்கி, அன்ஃபேர், அன்சேஃப். வினைச்சொல்லோட சேர்ந்தா செஞ்ச காரியத்தைத் திருப்பிச் செய்யறது. லாக் பூட்டறது, அன்லாக் திறக்கறது. டை கட்டறது, அன்டை அவிழ்க்கறது.

2. இன்: இதுவும் இல்லைதான். இன்கரெக்ட், இன்விசிபிள், இன்கம்ப்ளீட். இதுக்கு மூணு தம்பிகள் இருக்காங்க. அதைக் கீழே சொல்றேன்.

3. டிஸ்: எதிர், பிரிப்பு. டிஸ்லைக், டிஸ்ஆனஸ்ட், டிஸ்கனெக்ட்.

4. மிஸ்: இது இல்லை அல்ல, தப்பா. மிஸ்யூஸ்னா பயன்படுத்தாம இருக்கறது இல்ல, தப்பா பயன்படுத்தறது. பயன்படுத்தாம கிடக்கறது அன்யூஸ்ட்.

5. நான்: நான்-வெஜ், நான்-ஸ்டாப் பஸ். இது எல்லாருக்கும் தெரியும், விளக்கம் தேவையில்ல!

இன் ஏன் வேஷம் மாறுது?

பாசிபிள் இம்பாசிபிள் ஆகுது. லீகல் இல்லீகல் ஆகுது. ரெகுலர் இர்ரெகுலர் ஆகுது. இதை மனப்பாடம் பண்ண வேண்டாம். வாய் சொல்றதைக் கேட்டாப் போதும். இன்பாசிபிள்னு நாலு தடவை வேகமா சொல்லிப் பாருங்க. ப வர்றதுக்காக உதடு முன்னாடியே மூடிக்கும், ன் ம் ஆயிடும். நம்ம தமிழ்லயும் புணர்ச்சி விதி இதே வேலைதானே செய்யுது? மரம், கள் சேர்ந்தா மரங்கள். பணம், தான் சேர்ந்தா பணந்தான். அடுத்து வர்ற எழுத்துக்கு இடம் கொடுத்து முன்னாடி இருக்கற எழுத்து மாறிக்குது. லத்தீன்லயும் அப்படித்தான் மாறிச்சு, அது அப்படியே இங்கிலீஷுக்கு வந்திருச்சு.

பி, எம் என்ற எழுத்துகளுக்கு முன்னால் இம்: இம்பொலைட், இம்ப்யூர், இம்பேலன்ஸ், இம்மெச்சூர்.
எல் எழுத்துக்கு முன்னால் இல்: இல்லீகல், இல்லாஜிகல், இல்லிட்டரேட்.
ஆர் எழுத்துக்கு முன்னால் இர்: இர்ரெகுலர், இர்ரெஸ்பான்சிபிள்.

ஆனா அன் மாறவே மாறாது. அது லத்தீன் வழியா வராம, பழைய இங்கிலீஷோட சொந்தச் சரக்கு. அதனாலதான் அன்பாப்புலர், அன்லக்கி, அன்ரியல்னு ப, ல, ர முன்னாடியும் அப்படியே நிக்குது.

எந்த வார்த்தைக்கு அன், எந்த வார்த்தைக்கு இன்னு கேட்டா, முழுசா ஒரு விதி கிடையாது, அகராதியைப் பார்க்கணும். ஆனா ரெண்டு குறிப்பு உதவும். ஒண்ணு, இடி அல்லது ஐஎன்ஜி-யில முடியற பண்புச்சொல்லுக்குப் பெரும்பாலும் அன்: அன்ஃபினிஷ்ட், அன்லிமிடெட், அன்எண்டிங். ரெண்டு, சில சொற்கள் பெயர்ச்சொல் ஆகும்போது தலையை மாத்திக்கும்: அன்ஏபிள் – இன்எபிலிட்டி, அன்ஈக்வல் – இன்ஈக்வாலிட்டி, அன்ஜஸ்ட் – இன்ஜஸ்டிஸ். இந்த மூணையும் நோட்டுல எழுதிக்குங்க.

எழுத்துப்பிழைக்கு மருந்து

தலையையும் உடம்பையும் அப்படியே ஒட்டணும். எதையும் கூட்டாதீங்க, குறைக்காதீங்க. இல், லீகல்: ரெண்டு எல். அன், நெசசரி: ரெண்டு என். மிஸ், ஸ்பெல்: ரெண்டு எஸ். ஆனா டிஸ், அப்பியர்ல அப்பியர் ஏ எழுத்துல ஆரம்பிக்குது. அதனால டிஸப்பியர்ல எஸ் ஒண்ணே ஒண்ணுதான்.

ஏமாத்துற தலைகள்

அங்கிள் என்ற வார்த்தை யு, என்-னு ஆரம்பிக்குதேன்னு "கிள் இல்லாதவர்"னு பொருள் சொல்லிடாதீங்க! இம்பார்ட்டன்ட், இன்சுலேட்டர், டிஸ்ட்ரிக்ட், மிஸ்டர் எதுலயும் மறுப்பு கிடையாது. தலையை வெட்டின பிறகு மிச்சம் ஒரு தெரிஞ்ச வார்த்தையா நின்னாத்தான் மறுப்பான்னு யோசிக்கணும்.

அப்படி நின்னும் ஏமாத்துற ரெண்டு பேர் இருக்காங்க. இன்வேல்யுவபிள்னா மதிப்பில்லாதது இல்ல, விலை சொல்லவே முடியாத அளவுக்கு மதிப்புள்ளது. இன்னொன்னு பெட்ரோல் டேங்கர் லாரிக்குப் பின்னால எழுதியிருக்கற இன்ஃப்ளேமபிள். தீப்பிடிக்காதுன்னு நினைச்சா ஆபத்து! இன்ஃப்ளேம்னா தீ மூட்டறது. சுலபமா தீப்பிடிக்கும்னு அர்த்தம். தீப்பிடிக்காததுக்கு நான்-ஃப்ளேமபிள்னு எழுதுவாங்க.

இது பரீட்சைக்கு மட்டும் இல்ல

எங்க தெரு அத்தை ஒருத்தங்க பேங்க்ல கொடுத்த சீட்டை எடுத்துட்டு வந்து, "பாப்பா, இதுல என்னமோ போட்டிருக்கு, பணம் போச்சான்னு பாரு"ன்னாங்க. இன்ஆபரேட்டிவ்னு இருந்துச்சு. ஆபரேட்டிவ்னா இயங்கறது. இன் சேர்ந்தா இயங்காதது. ரெண்டு வருஷத்துக்கு மேல பணம் போடறது, எடுக்கறது எதுவுமே நடக்கலைன்னா அந்தக் கணக்கை பேங்க் இப்படி ஒதுக்கி வைக்கும். பணம் எங்கேயும் போகாது, அடையாளச் சான்று கொடுத்து மறுபடி இயங்க வைக்கலாம். இதைச் சொன்ன பிறகுதான் அத்தை திண்ணையில உக்காந்து தண்ணி கேட்டாங்க. நம்ம வீடுகள்ல வர்ற ஸ்காலர்ஷிப் படிவம், மருந்து அட்டை, பட்டா மனு பதில் எல்லாத்தையும் படிக்கப் போறது நாமதான். இன்கம்ப்ளீட், இன்வேலிட், டிஸ்அப்ரூவ்ட்னு வந்தா, ரெண்டே எழுத்து, மூணே எழுத்துதான். ஆனா அதுதான் முடிவு.

சரித்திரப் பாடத்தையும் திறந்து பாருங்க. 1920-ல் தொடங்கினது நான்-கோஆப்பரேஷன், ஒத்துழையாமை. 1930-ல் சிவில் டிஸ்ஒபீடியன்ஸ், சட்டமறுப்பு. 1947-ல் கிடைச்சது இன்டிபென்டன்ஸ், அதாவது இன்னொருத்தரைச் சார்ந்திராத நிலை. மறுப்புன்னா எப்பவும் கெட்டது இல்ல. மாட்டேன்னு சொல்லித்தான் நம்ம நாடு சுதந்திரம் வாங்கிச்சு.

கெட்டதும் உண்டு. அன்டச்சபிலிட்டி, தீண்டாமை. டச்னா தொடறது, எபிள்னா முடியும், முன்னால அன். ஒரு மனுஷரைத் தொடக் கூடாதவர்னு சொல்ல மூணு துண்டை ஒட்டிச் செஞ்ச வார்த்தை. 1950 ஜனவரி 26 முதல் நடைமுறையில இருக்கற நம்ம அரசியலமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிச்சிருக்கு. நம்ம பாடநூல்களோட முதல் பக்கங்கள்லயே தீண்டாமைக்கு எதிரான வாசகம் இருக்கு. இங்கிலீஷ் வாசகத்துல இன்ஹ்யூமன்னு இன்னொரு மறுப்பு வரும். ஹ்யூமன்னா மனிதர். அப்படி ஒதுக்கி வைக்கிற செயல்தான் மனிதத்தன்மை இல்லாதது, ஒதுக்கப்பட்டவங்க இல்ல. அந்தப் பக்கத்தை தினமும் புரட்டிட்டுப் போறோம். நாளைக்கு ஒரு நிமிஷம் நின்னு அந்த ரெண்டு வார்த்தையோட தலையையும் பாருங்க.

பயிற்சி

கீழே உள்ளதுக்குச் சரியான தலை போடுங்க:
1. மூவபிள் 2. ஈவன் 3. ஆனஸ்ட் 4. லிட்டரேட் 5. பேஷன்ட் 6. லிமிடெட் 7. ரெஸ்பான்சிபிள் 8. அண்டர்ஸ்டாண்ட்

விடை: 1. இம் 2. அன் 3. டிஸ் 4. இல் 5. இம் 6. அன் 7. இர் 8. மிஸ்

ஆறாவதுக்கு இல் போட்டவங்க மேலே இடி, ஐஎன்ஜி குறிப்பை மறுபடி படிங்க. தினம் அஞ்சு வார்த்தை வெட்டிப் பார்த்தா மாசத்துக்கு 150 வார்த்தை. நீங்க கண்டுபிடிச்ச புது வார்த்தை ஏதாவது இருந்தா இந்தத் தாளுக்குக் கீழே காலியா விட்டிருக்கற இடத்துல பென்சிலால எழுதுங்க.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி