ஊக்கமும் சோர்வும்

காஞ்சிபுரம் என்றவுடன் கோயில்களும் பட்டும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்நகரிலும், பேரேரியால் பெயர்பெற்ற தென்னேரி முதலிய சுற்றூர்களிலும் நெசவாளர் பலர் வாழ்கின்றனர். அவர்கள் நெய்யும் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம். கரை வேறொரு நிறம். இரண்டையும் தனித்தனி ஊடையால் நெய்து, இழைக்கு இழை பிணைத்தல் வேண்டும். அதற்கு மூன்று நாடாக்களும், நெய்பவருக்குத் துணையாக மற்றோர் ஆளும் தேவை. ஓர் இழை பிசகினும் கோர்வையின் அழகு கெடும். இத்துணை அரிய வேலையைச் செய்யத் தூண்டுவது யாது?

தூண்டுதல் இருவகைப்படும். கரையும் உடலும் பிசகின்றிப் பொருந்தக் கண்டு நெசவாளர் கொள்ளும் மகிழ்ச்சி, உள்ளிருந்து எழுவது. கூலி, கெடு, வாங்கிய முன்பணம் ஆகியவை வெளியிலிருந்து வருவன. கூலியின்றி எவரும் வாழ இயலாது. ஆயினும், விருப்பம் குன்றிக் கடனும் கெடுவுமே கையை இயக்குமாயின், தொழில் சுமையாகிவிடும்.

அவ்வாறாயின், விருப்பம் மிக்கோர் சோர்வதில்லையோ? அங்ஙனம் கூறுவதற்கில்லை. ஹெர்பர்ட் பிராய்டன்பர்கர் என்னும் உளநூல் அறிஞர், நியூயார்க் நகரில் இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் தொண்டாற்றினார். தம்மை மறந்து பிறர்க்கு உழைப்போரே இச்சோர்வுக்கு எளிதில் ஆளாகின்றனர் என்று அவர் 1974ஆம் ஆண்டில் எழுதினார். சுடரைத் தூண்டிவிட்டு எண்ணெய் வார்க்க மறந்தால், திரியே கருகிவிடுமன்றோ?

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் இச்சோர்வை விளக்கியது. இது நோயன்று, சீர்செய்யப்படாத நெடுநாள் பணியழுத்தத்தின் விளைவு. ஆற்றல் வற்றுதல், தொழிலில் பற்று நீங்குதல், செயல்திறன் குறைதல் ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள்.

ஆதலின், சோர்ந்தவரைச் சோம்பர் என்று இகழ்தல் தகாது. சோம்பர் உழைக்க மனமில்லாதவர். இவரோ அளவிறந்து உழைத்தவர். "ஊக்கம் கொள்" என்னும் அறிவுரை மட்டும் இவரைத் தேற்றாது. உழைப்புக்கேற்ற ஊதியமும், போதிய ஓய்வும், தம் பணியைத் தாமே ஒழுங்கு செய்துகொள்ளும் உரிமையும் வேண்டும். நெசவாளர் இடைத்தரகரை நம்பியிராமல் நூலும் நியாயமான கூலியும் பெறும்பொருட்டே கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. 1935ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கோ-ஆப்டெக்ஸ் அவர்தம் துணிகளுக்குச் சந்தை தேடித் தந்தது.

மாணவர்களே! பாவு தளர்ந்தால் நெசவு செம்மையாக அமையாது. மிக இறுகினாலோ இழை அறும். நம் உள்ளமும் அத்தகையதே. உழைக்கும் நேரத்தில் ஊக்கமும், ஓயும் நேரத்தில் அமைதியும் கொள்ளுங்கள். நாளை பிறரிடம் வேலை வாங்கும் நிலை உங்களுக்கு வாய்க்குமாயின், அவர்தம் பாவு அறாமல் காப்பதும் உங்கள் கடமை என்பதை மறவாதீர்கள்.