களஞ்சியத்தில் நடப்போருக்கு ஒரு வழி

நெற்களஞ்சியம் அமைக்கும்போது கூரை ஒழுகாதா, எலி புகாதா, எத்தனை மூடை அடுக்கலாம் என்றெல்லாம் நாம் கணக்குப் பார்க்கிறோம். உள்ளே மனிதர் எவ்வழியால் நடப்பர் என்று கேட்பவர் குறைவு. லொறி பின்னோக்கி வரும் அதே வாசலால்தான் நாட்டாமைமாரும், நிலம் கூட்டும் பெண்களும், நெல் விற்க வந்த விவசாயியும் போய்வருகிறார்கள். இவர்களுக்கென நிலத்தில் ஒரு நடைபாதையைக் கோடிட்டு ஒதுக்குவது எப்படி என்பதே இப்பாடம்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

தோளில் மூடை சுமப்பவருக்கு ஒரு பக்கப் பார்வை மறைந்துவிடும். சுமையோடு சட்டென நிற்கவும் முடியாது. பின்னோக்கி வரும் லொறியின் நேர்பின்னால் நிற்பவரைச் சாரதி காணமாட்டார். பெரிய களஞ்சியங்களில் ஓடும் போக்லிப்ற் என்னும் பாரந்தூக்கி வண்டி, பின்சில்லுகளால் திரும்புவது. முன்புறம் ஒரு பக்கம் திரும்பும்போது பின்புறம் மறுபக்கம் வீசும். அருகில் நிற்பவர் இதை எதிர்பார்ப்பதில்லை.

செய்யும் முறை

1. முதலில் பாருங்கள். ஓரிரு நாட்கள் வேலை நடக்கும்போது யார், எங்கிருந்து எங்கே நடக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். தராசடி, கந்தோர், தண்ணீர்க்குழாய், மலசலகூடம் ஆகியவற்றைப் பாதை தொடவேண்டும். சுற்றுவழியாக வரைந்த பாதையில் எவரும் நடக்கமாட்டார்.

2. அகலத்தைத் தீர்மானியுங்கள். மூடையுடன் வருபவரும் வெறுங்கையுடன் போபவரும் விலகிச்செல்ல 4 அடியாவது வேண்டும். வண்டிப்பாதை, அதில் ஓடும் மிகப் பெரிய வண்டியைவிட 3 அடி கூடுதலாக இருக்கவேண்டும் என்றும், கோட்டின் அகலம் 2 முதல் 6 அங்குலம் வரை இருக்கலாம் என்றும் 1972 இல் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் பரிந்துரைத்தது. நமக்கும் இது நல்ல அளவுகோலே.

3. அடுக்குகளிலிருந்து விலகுங்கள். உயர்ந்த மூடையடுக்கு சரியக்கூடும். காற்றோட்டத்திற்காகச் சுவரோரம் விடும் இடைவெளியும் நடைபாதையன்று. அங்கே அடுக்கு சரிந்தால் ஒதுங்க இடமில்லை.

4. சோக்கினால் வரையுங்கள். ஒரு கிழமை அதில் நடந்து பார்த்துத் திருத்திய பின்னரே பெயின்ற் பூசுங்கள். சீமெந்து நிலத்தைக் கூட்டி, எண்ணெய்க் கறையைச் சவர்க்காரத்தால் கழுவி, நன்கு உலரவிட்டு, இருமுறை பூசவேண்டும். ஈரப்பூச்சின்மேல் சிறிது மென்மணல் தூவினால் வழுக்காது. மஞ்சள் நிறம் மங்கலான வெளிச்சத்திலும் தெரியும். சிவப்பைத் தீயணைக்கும் வாளிகளுக்கு முன்னுள்ள இடத்துக்கு ஒதுக்குங்கள்.

5. கோடு வண்டியைத் தடுக்காது. வளைவுகளிலும் வாசலிலும் கம்பித்தடுப்பு அல்லது மரக்குற்றி நாட்டுங்கள். குறுக்கே கடக்கும் இடம் இருபுறமும் நன்கு தெரியும் இடமாக இருக்கட்டும். அங்கே வரிவரியாகக் கோடிடுங்கள். இயன்றால் நடப்போருக்குத் தனி வாசல் விடுங்கள்.

நிறைந்த நாளுக்கே வரையுங்கள்

வெறுமையான களஞ்சியத்தில் எந்தக் கோடும் அழகாகத் தோன்றும். பெரும்போக அறுவடை வந்து, மழையும் மிரட்டி, லொறிகள் வரிசையில் நிற்கும்போதுதான் சோதனை. "இன்றைக்கு மட்டும்" என்று பத்து மூடைகளைப் பாதையில் வைப்போம். நடப்பவர் அதைச் சுற்றிப்போக லொறியின் வழியில் கால்வைக்கிறார். சாரதியோ, நடப்போர் கோட்டுக்குள்ளேயே இருப்பர் என்று நம்பி வருகிறார். இப்படி மறைக்கப்பட்ட பாதை, பாதையே இல்லாததைவிட ஆபத்தானது.

ஆகவே களஞ்சியத்தின் கொள்ளளவைக் கணக்கிடும்போதே நடைபாதையின் நிலத்தைக் கழித்துவிடுங்கள். அத்தனை மூடை குறையும் என்பது உண்மை. அந்தச் செலவைச் சங்கம் ஏற்காவிட்டால் நாட்கூலிக்கு வருபவர் தம் உடலால் ஏற்கிறார். தொழிலாளர் நட்டஈட்டுக்கு நம் நாட்டில் 1934 முதல் சட்டம் உண்டு. ஆயினும் நட்டஈடு, நசுங்கிய காலைத் திருப்பித் தராது.

பாதையில் கிடக்கும் மூடையை அகற்றச் சொல்லும் உரிமை முகாமையாளருக்கு மட்டுமன்றி, கூட்டும் பெண்ணுக்கும் உண்டு என்பதைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதுங்கள்.

கலந்துரையாட:

1. எமது களஞ்சியத்தில் லொறியும் மனிதரும் சந்திக்கும் இடங்கள் எவை?
2. சென்ற அறுவடையில் வழி எங்கே அடைபட்டது? அப்போது நடந்தவர்கள் யார்?
3. நடைபாதைக்காக எத்தனை மூடைகளின் இடத்தை விட்டுக்கொடுக்க ஆயத்தமாக இருக்கிறோம்?