வைரத் தோடும் சுண்ணாம்புக் குழியும்



வைரம் கரிதான். பூமிக்கு அடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழே கடும் அழுத்தத்தில் இறுகிப் படிகமாகி, எரிமலைக் குழாய் வழியே மேலே வந்த கரி. அரியலூர், பெரம்பலூர் மண்ணில் அது கிடையாது. இங்கே உள்ளது சுண்ணாம்புக்கல். இந்தப் பகுதி கடலாக இருந்த காலத்தில் படிந்தது. ஆனால் நிலத்தடியிலிருந்து கல்லை எடுக்கும் வழி பல இடங்களில் ஒன்றுதான் என்பதால், வைரச் சுரங்கம் எப்படியிருக்கும் என்று பார்க்க இந்த ஊர்க்காரர்கள் தூரம் போக வேண்டியதில்லை.

முதலில் மேல்மண் போகும். பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்த கரிசல் ஓரமாகக் கொட்டப்படும். பிறகு வெடி, பிறகு லாரி. சாலையோரப் புளியமரத்து இலையில் விரலை வைத்தால் சாம்பல் நிறப் புழுதி ஒட்டும். கல் தீர்ந்த குழியில் மழைநீர் பச்சையாகத் தேங்கும். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. 1940-ல் நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்ததால் அது வேலிக்குள் பிழைத்தது. இங்கிருந்த அந்தப் பழைய கடலில் வாழ்ந்த அம்மோனைட் உயிர்களின் சுருள் படிவங்களோ சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்து அரவைக்குப் போய்விடுகின்றன. இவ்வளவுக்கும் ஈடாகச் சிமெண்டாவது கிடைக்கிறது. கூரை வீடு மாடி வீடாகிறது. வைரத்துக்கு அந்தச் சமாதானமும் இல்லை.

மத்தியப் பிரதேசத்தின் பக்ஸ்வாஹா காட்டில் 3.4 கோடி காரட் வைரம் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். அதை எடுக்க ஐந்து கோடி டன்னுக்கும் மேல் பாறையைத் தோண்ட வேண்டும். ஒரு காரட் என்பது 0.2 கிராம், அதற்கு ஒன்றரை டன் பாறை. வெட்ட வேண்டிய மரங்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். ரியோ டின்டோ நிறுவனம் 2017-ல் விலகியது, 2019-ல் வேறு நிறுவனம் ஏலம் எடுத்தது. அங்குள்ள பாறை ஓவியங்களைக் காட்டித் தொடுத்த வழக்கில் 2021-ல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

தமிழ் வீடுகளில் பாட்டிமார் பெருமையாகச் சொல்லும் 'ப்ளூ ஜாகர்' வைரத் தோட்டுக்குப் பெயர் தந்தது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கம். அது 1971-லேயே மூடப்பட்டது. கழிவைத் தேக்கிய அணை 2022 செப்டம்பர் 11 அன்று உடைந்து, சேறு வீடுகளை அடித்துக்கொண்டு போனது. உயிர்ச்சேதமும் உண்டு. தோடு எப்போதோ காதுக்கு வந்துவிட்டது. கழிவு மட்டும் அந்த ஊரிலேயே காத்திருந்தது.

வைரம் வாங்கும்போது தோஷம் பார்ப்பது வழக்கம். கரும்புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், கல்லைச் சில நாள் வீட்டில் வைத்து ஒத்துக்கொள்கிறதா என்றும் பார்ப்பார்கள். எந்தக் குழியிலிருந்து வந்தது என்று மட்டும் கேட்பதில்லை. நிச்சயதார்த்த மோதிரத்தில் வைரம் இருந்தால்தான் அன்பு நிலைக்கும் என்ற எண்ணம் இன்னும் புதிது. டி பியர்ஸ் நிறுவனத்துக்காக 1947-ல் பிரான்சிஸ் கெரட்டி என்ற விளம்பர எழுத்தாளர் எழுதிய ஒரு வரி அதை உலகெங்கும் பரப்பியது. தாலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கல்யாணத்துக்கு வைரம் வேண்டும் என்றே இருந்தால், ஆய்வகத்தில் வளர்த்த வைரம் உண்டு. அதுவும் அசல் கரிப் படிகமே. இந்த ஆராய்ச்சிக்காக 2023-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு மத்திய அரசு நிதி ஒதுக்கியது. திருச்சி வட்டாரத்தில் பட்டை தீட்டும் அமெரிக்கன் டைமண்ட் வேறு. அது சிர்கோனியா, வைரமே அல்ல. ஆய்வக வைரத்திலும் முழு நிம்மதி இல்லை. அது வளர மின்சாரம் நிறைய வேண்டும், நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் வருகிறது. மறுவிற்பனை விலையும் மிகக் குறைவு, எனவே சேமிப்பாக எண்ணி வாங்கக் கூடாது.

எல்லாவற்றிலும் சேதம் குறைந்தது வீட்டிலுள்ள பழைய ஏழு கல் தோட்டை மாற்றிக் கட்டுவது. புதுக் குழி வேண்டாம், செலவு தங்கமும் கூலியும்தான். பழைய நகைகளில் கல்லின் பின்பக்கத்தை மூடியே கட்டியிருப்பார்கள்; கழற்றினால்தான் உண்மையான எடையும் நிறமும் தெரியும். ஆகவே பத்தரிடம் கொடுக்குமுன் கற்களை எண்ணிப் படம் எடுத்துக்கொள்வதும், கழற்றியதும் கண்ணெதிரே எடை போட்டுச் சீட்டு வாங்குவதும் அவசியம்.