ஓபலும் சந்திரகாந்தக் கல்லும்: மாறி வாங்கினால் நட்டம்

மாணிக்கக்கல் வியாபாரம் என்றால் இரத்தினபுரியும் பேருவளை சீனன்கோட்டையும்தான் நினைவுக்கு வரும். நெல், புடவை, பலசரக்கு என்று தொழில் செய்யும் நம் பகுதியாரிடமும் "நல்ல கல் ஒன்று இருக்கிறது, பங்கு சேருங்கள்" என்று யாராவது வந்து நிற்கலாம். பணம் கொடுக்குமுன் கல்லின் இனத்தை அறிந்துகொள்வது அவசியம். அடிக்கடி குழப்பம் தரும் இரண்டு கற்களை இன்று பார்ப்போம்.

ஓபல் கல்லுக்குப் பேர்போன நாடு அவுஸ்திரேலியா. கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா உருண்டைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டு, அவற்றிடையே ஒளி சிதறுவதால் சிவப்பு, பச்சை, நீலம் எனப் பல நிறங்கள் ஒரே கல்லில் மின்னும். கல்லுக்குள் பொதுவாக நூற்றுக்கு 6 முதல் 10 பங்கு வரை நீர் உண்டு. ஆகவே கடும் சூடு பட்டால் வெடிப்பு விழக்கூடும்.

இதன் வகைகள் பல. லைட்னிங் ரிட்ஜில் கிடைக்கும் கறுப்பு ஓபலே விலை கூடியது. கூபர் பெடியில் 1915இல் ஓபல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கு கிடைப்பது பெரும்பாலும் வெள்ளை ஓபல். நிலத்தில் செங்குத்தாகக் குழி இறக்கி, பக்கவாட்டில் சுரங்கம் வெட்டி அதை எடுக்கிறார்கள். மெக்சிக்கோவின் நெருப்பு ஓபல் செம்மஞ்சள் நிறமானது. எத்தியோப்பியாவின் வெலோ பகுதி ஓபல் 2008இல் சந்தைக்கு வந்தது. அது நீரை உறிஞ்சும். நனைந்தால் நிறம் மங்கி, காய்ந்தபின் மீளும்.

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய தோற்றமுடையது சந்திரகாந்தக் கல். காலி மாவட்டத்து மீட்டியாகொட இதற்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு குழி தோண்டி, சுவர் சரியாதபடி மரம் முட்டுக்கொடுத்து, ஊறும் நீரை இறைத்து, அள்ளிய மண்ணைக் கூடையில் அரித்துக் கல்லைப் பொறுக்குகிறார்கள். ஆனால் இது ஓபல் இனமே அல்ல, பெல்ஸ்பார் இனம். கல்லைச் சாய்த்தால் நிலவொளி போன்ற வெண்மை அல்லது நீல ஒளி மேலே மிதந்து நகரும். ஓபலில் போலப் பல நிறங்கள் சிதறா.

இரண்டின் பெயரிலும் பால்நிறக் கண்ணாடி விற்கப்படுகிறது. பத்து மடங்கு பெருக்கும் வில்லையில் பார்த்தால் உள்ளே காற்றுக் குமிழ்கள் தெரிவதுண்டு. மெல்லிய ஓபல் தகட்டைக் கறுப்பு அடித்தளத்தில் ஒட்டி முழுக்கல் போல விற்பதும் உண்டு. பக்கவாட்டில் பார்த்தால் ஒட்டிய இடம் நேர்கோடாகத் தெரியும். மோதிரத்தில் பதித்துவிட்டால் அந்தக் கோடு மறைந்துவிடும். எனவே பதிக்காத கல்லையே பாருங்கள். சந்தேகமிருந்தால் ஆய்வுகூட அறிக்கை கேளுங்கள். அகழ்வதற்கும் வியாபாரம் செய்வதற்கும் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம்.

ஒட்டுக்கல்லை ஒட்டுக்கல் என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை, மறைப்பதே மோசடி. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மேலே தெரியும்படி வைக்கக்கூடாதா என வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நாம் அறிவோம். நெல்லின் ஈரத்துக்குள்ள அந்தச் சட்டம் கல்லுக்கும் பொருந்தும். வாங்குபவர் கேட்டறிய வேண்டும்; விற்பவர் கேளாமலே சொல்லவேண்டும். பரக்கத் அங்கேதான் இருக்கிறது.